கொழுந்து ஸ்டோருக்குள் போன பிறகு: உயிர்ச்செயன்முறைப் பொறியியலும் மலையகப் பிள்ளைகளும்

(நல்லதண்ணியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மையாக்கப்பட்ட எழுத்து வடிவம்)



தலைப்பை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கு விட்டார்கள். உயிர்ச்செயன்முறைப் பொறியியலை எடுத்துக்கொண்டேன். மருத்துவம், கணினி, ஆசிரியத் தொழில் பற்றி இத்தகைய மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. இந்தத் துறையின் பெயரையே கேள்விப்படாமல் உயர்தரப் பாடங்களைத் தெரிந்தெடுத்துவிடும் பிள்ளைகள்தான் இங்கு அதிகம். ஆனால் இத்துறை செய்கிற வேலை உங்கள் லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் என்று நாம் அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஓர் உயிர்ச்செயன்முறை ஆலை. அதன் வாசல்வரை கொழுந்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நம்மவர்கள். உள்ளே உருளைகளுக்கும் அடுப்புக்கும் முன்னால் நின்று உழைத்தவர்களும் நம்மவர்களே. அங்கே நடக்கும் மாற்றத்தைக் கணக்கிட்டு, திட்டமிட்டு, தீர்மானிக்கும் இடம்தான் நம் கைக்கு மிகக் குறைவாக வந்தது. அந்த இடத்துக்குப் போகும் கல்வி இது. இதைக் கற்றவர் தேயிலையோடு நிற்கவேண்டியதில்லை. பால், மருந்து, தடுப்பூசி, குடிநீர், பசளை எல்லாம் இதே அறிவு வேலைசெய்யும் களங்கள். இக்கருத்தை ஏழு பகுதிகளாக விரிக்கிறேன்.

1. ஸ்டோருக்குள் நடப்பது என்ன?

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் வைத்துக் கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள். இயந்திரங்கள் மாறின, படிகள் மாறவில்லை. வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், தரம்பிரித்தல் என்ற அதே வரிசைதான் இன்றும்.

பறித்த கொழுந்தில் 75 முதல் 80 வீதம் தண்ணீர். காற்றை ஊதி அதில் ஒரு பகுதியை நீக்கினால் இலை துவளும். துவண்ட இலை ரோலரில் உருளும்போது கலங்கள் உடைகின்றன. அதுவரை கலத்துக்குள் வெவ்வேறு இடங்களில் இருந்த கட்டெசின்களும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியமும் ஒன்றுகலக்கின்றன. காற்றிலிருந்து ஒட்சிசன் சேர்ந்ததும் பச்சைத் தூள் செம்புநிறம் கொள்கிறது. அப்போது உருவாகும் தியாபிளேவின்கள் சாயத்தண்ணிக்குப் பிரகாசத்தைத் தருகின்றன. தியாருபிஜின்கள் நிறத்தையும் கனத்தையும் தருகின்றன. அசாமின் டொக்லாய் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. எச். றொபேட்ஸ் இவ்வேதியியலைத் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர். இங்கே வேலை செய்வது வெளியிலிருந்து போட்ட நுண்ணுயிர் எதுவுமில்லை, இலையின் சொந்த நொதியம்.

எப்போது நிறுத்துவது என்பதே பெரிய கேள்வி. முன்கூட்டி அடுப்புக்குப் போனால் பச்சை வாசம் நிற்கும். தாமதித்தால் பிரகாசம் போய்விடும். நல்ல டீமேக்கர் தூளை அள்ளி முகர்ந்து பார்த்தே அந்தக் கணத்தைச் சொல்லிவிடுவார். பல்லாண்டு அனுபவத்தில் விளைந்த அறிவு அது; நான் அதைத் தலைவணங்கி மதிக்கிறேன். பொறியியலாளர் அந்த அறிவோடு அளவீட்டைச் சேர்க்கிறார். வெப்பநிலை எத்தனை பாகை, காற்றில் ஈரப்பதன் எவ்வளவு, தூள் எத்தனை அங்குலக் கனத்தில் பரப்பப்பட்டிருக்கிறது, ஒட்சிசன் அடிவரை போகிறதா என்று கேட்கிறார். தூளைக் கனமாகக் குவித்தால் நடுவில் வெப்பம் தேங்கும், காற்றும் எட்டாது. மேலே ஒரு தேயிலை, நடுவே இன்னொரு தேயிலை என்று ஒரே குவியலில் இரண்டு தரம் வந்துவிடும். உயிர்ப்பொருளுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு உகந்த சூழலை, வேண்டிய நேரத்துக்கு, வேண்டிய அளவில், ஒவ்வொரு முறையும் பிசகாமல் அமைத்துக்கொடுப்பதே உயிர்ச்செயன்முறைப் பொறியியல்.

2. அதன் முதற்பாடம் கணக்கு

இத்துறையின் முதலாண்டில் கற்பிக்கப்படும் திணிவுச் சமநிலையை இந்த மேடையிலேயே செய்து பார்க்கலாம். 100 கிலோ கொழுந்து வருகிறது. அதில் 78 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடப்பொருள் 22 கிலோ. வாட்டிய இலையில் 55 வீத ஈரம் இருக்கவேண்டுமானால் அதன் மொத்த எடை ஏறக்குறைய 49 கிலோவாக வேண்டும். அதாவது 51 கிலோ தண்ணீரைக் காற்று கொண்டுபோக வேண்டும். உலர்த்தி முடிந்த தேயிலையில் 3 வீத ஈரம் என்றால் எடை 22.7 கிலோ. இன்னும் 26 கிலோ தண்ணீரை உலர்த்தி வெளியேற்றியிருக்கிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று எல்லோரும் சொல்லும் கணக்கு இப்படித்தான் வருகிறது.

அடுத்தது சக்திச் சமநிலை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.3 மெகாயூல் வெப்பம் வேண்டும். 26 கிலோவுக்கு 60 மெகாயூல். காய்ந்த விறகு ஒரு கிலோ ஏறக்குறைய 15 மெகாயூல் தரும். கணக்குப்படி நான்கு கிலோ விறகு போதும். நடைமுறையில் ஸ்டோர்கள் இதைப்போலப் பன்மடங்கு எரிக்கின்றன. எஞ்சிய வெப்பம் புகைபோக்கி வழியாகவும் ஈரக்காற்றோடும் போய்விடுகிறது. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துக் குறைப்பவருக்குத்தான் சம்பளம். 1970களில் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் கொழும்பு கொமர்ஷல் கம்பனியும் சேர்ந்து உருவாக்கிய பாய்மப்படுகை உலர்த்தி இத்தகைய சிந்தனையின் விளைவு. சூடான காற்றின் வேகத்தால் தூளை மிதக்கவிட்டு ஒவ்வொரு துணிக்கையையும் சீராகக் காயவைக்கும் முறை அது. அந்த ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில், இங்கிருந்து சில மணிநேரப் பயணத்தில் இருக்கிறது. இந்தக் கணக்குக்கு வேண்டியது வீதமும் விகிதமும்தான். சாதாரண தரக் கணிதமே போதும். அந்தப் பாடத்தை ஸ்டோருக்கு அழைத்துப்போய்க் கற்பித்தால் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்கின்மேல் உள்ள பயம் தெளியும் என்று எண்ணிப் பாருங்கள்.

3. கண்டுபிடிப்பு மருந்தாவது எப்படி?

இதே அறிவு உலக வரலாற்றில் செய்த மிகப் பெரிய காரியத்துக்கு வருகிறேன். அலெக்சாண்டர் பிளெமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டார். 1941 பெப்ரவரியில் ஒக்ஸ்போர்ட்டில் அல்பர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு அது செலுத்தப்பட்டது. சில நாட்களில் தேறினார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பெனிசிலினைத் திரும்பப் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை, அவர் இறந்துபோனார். மருந்து எதுவென்று தெரிந்திருந்தது, அதைப் போதிய அளவில் ஆக்கத் தெரியவில்லை.

அப்போது பெனிசிலினைத் தரும் பங்கசை ஆழமற்ற பாத்திரங்களில் திரவத்தின் மேற்பரப்பில் வளர்த்தார்கள். பெருந்தொட்டிக்குள் வளர்க்கவேண்டுமானால் அடிவரை ஒட்சிசன் போகவேண்டும். தண்ணீரோ அறைவெப்பத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்துவைக்கும். நெருங்கி வளரும் பங்கசு அதைச் சொற்ப நேரத்தில் தீர்த்துவிடும். எனவே கிருமி நீக்கிய காற்றை அடியிலிருந்து ஓயாமல் ஊதி, கலக்கியபடியே இருக்கவேண்டும். கலக்குவதாலும் வளர்ச்சியாலும் வெப்பம் பிறக்கும், அதை அகற்றவேண்டும். தொட்டியின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். குளிரூட்டும் மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். ஆய்வுகூடத்துக் குடுவையில் சரியாக நடந்தது பெருந்தொட்டியில் குலைவதற்குக் காரணம் இதுதான். கனமாகக் குவித்த தேயிலைத் தூளில் நாம் பார்த்த அதே சிக்கல்.

அமெரிக்காவின் பியோரியா ஆய்வகம் சோளத்திலிருந்து மாப்பொருள் எடுத்தபின் எஞ்சும் சாற்றை ஊட்டமாக்கி விளைச்சலைப் பெருக்கிற்று. 1944 மார்ச்சில் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் ஒரு பழைய ஐஸ் ஆலைக் கட்டடத்தில் 7,500 கலன் கொள்ளும் 14 ஆழ்தொட்டிகளை இயக்கத் தொடங்கியது. ஜூன் மாதம் நோர்மண்டியில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது காயம்பட்டவர்களுக்கு மருந்து இருந்தது. பெனிசிலின் பேராலையின் வடிவமைப்பில் முன்னின்றவர் மார்கரெட் ஹட்சின்சன் என்ற பெண். 1937இல் இரசாயனப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே. கண்டுபிடித்தவர் பெயர் பாடப்புத்தகத்தில் வருகிறது. நோயாளியின் கைக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.

4. இந்த அறிவைப் புறக்கணித்தால் என்ன ஆகும்?

2021 மே மாதத்தில் இலங்கை இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. தோட்டங்கள் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்றார்கள். சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நாடு முழுதுக்கும் வேண்டிய கூட்டெருவை ஒரு போகத்துக்குள் யார், எந்த ஆலையில், எந்த மூலப்பொருளில் ஆக்குவது என்ற கேள்விக்கு விடை இல்லாமலே முடிவு எடுக்கப்பட்டது. அதைத்தான் சுட்டுகிறேன்.

கூட்டெரு ஆக்குவதும் ஓர் உயிர்ச்செயன்முறை. காபனும் நைதரசனும் 25 அல்லது 30க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கவேண்டும். ஈரம் கூடினால் காற்றுப் போகாது, அழுகும். குறைந்தால் நுண்ணுயிர் உறங்கிவிடும். குவியலின் உள்ளே 55 பாகைக்கு மேல் வெப்பம் ஏறிப் பல நாட்கள் நிற்கவேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் சாகும். வீட்டுத் தோட்டத்தில் செய்வது எளிது. ஆயிரக்கணக்கான தொன்னில் ஒரே தரத்தில் செய்வதற்கு ஆலையும் அளவீடும் பயிற்சிபெற்ற ஆட்களும் வேண்டும். தடை அவ்வாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கிற்று. எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது என்றாலும் பசளையின்மை பெருங்காரணம். கொழுந்து குறைந்தபோது யாருடைய கூடை வெறுமையாயிற்று என்பதை இந்த அவைக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

5. நல்லதண்ணியின் தண்ணீர்

மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமிவரை சிவனொளிபாதமலைக்கு வரும் யாத்திரிகர் கூட்டத்தின் பெரும்பகுதி உங்கள் ஊர் வழியாக ஏறுகிறது. இலட்சக்கணக்கானோர் உண்டு, குளித்து, தங்கிச் செல்லும் ஊரின் கழிவுநீர் எங்கே போகிறது? இந்த மலைகளில் பிறக்கும் மஸ்கெலியா ஓயா மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் போய், பின்னர் கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. களனியின் நீரை அம்பத்தளையில் சுத்திகரித்துத்தான் கொழும்பின் பெரும்பகுதி குடிக்கிறது. நாட்டின் பெருநகர் குடிக்கும் தண்ணீரின் ஊற்றுக்கண்ணில் நீங்கள் வாழ்கிறீர்கள்.

கழிவுநீர் ஆற்றில் கலந்தால் அதிலுள்ள சேதனப் பொருளைப் பற்றீரியாக்கள் தின்னும், தின்னும்போது நீரில் கரைந்த ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும், மீன் சாகும். இந்தத் தேவையை அளப்பதுதான் உயிரியல் ஒட்சிசன் தேவை என்ற சோதனை. உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீரில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இலங்கையின் நியமம். இதே பற்றீரியாக்களை ஆற்றுக்குப் போகுமுன் ஒரு தொட்டிக்குள் வளர்த்து, வேண்டிய காற்றைக் கொடுத்து, அவை வேலையை முடித்தபின் நீரை மட்டும் வெளியே விடுவது சுத்திகரிப்பு நிலையம். ஒட்சிசன் இல்லாமல் செய்தால் சாண எரிவாயு கிடைக்கும்; அடுப்பும் எரியும். யாத்திரைக் காலத்தில் கூட்டம் திடீரெனப் பெருகி மற்ற மாதங்களில் வடிந்துவிடும் ஊருக்கு, குளிர்ந்த மலைக்காற்றில் நுண்ணுயிர் மெதுவாக இயங்கும் இடத்துக்கு, பொருத்தமான நிலையத்தை வடிவமைப்பது ஓர் இறுதியாண்டு மாணவரின் ஆய்வுக்கு உகந்த, உண்மையான, கடினமான வேலை. அதை இவ்வூர்ப் பிள்ளை ஒருவர் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது என் விருப்பம்.

6. படிப்பதற்கு வழிகள்

முதல்வழி, உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இதன்மூலம் பொறியியல் பீடத்துக்குப் போய், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலோ பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ இரசாயன, செயன்முறைப் பொறியியலைத் தெரிந்தெடுக்கலாம். வெப்பஇயக்கவியல், பாய்பொருள் ஓட்டம், வெப்ப, திணிவு இடமாற்றம், தாக்கவேகம், கட்டுப்பாடு ஆகிய அடிப்படைகள் அங்கே கிடைக்கும். அவற்றோடு நுண்ணுயிரியலும் உயிர்இரசாயனமும் சேரும்போது இத்துறை பிறக்கிறது. ஆக்கிய பொருளைக் கலவையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்குவது தனிக்கலை. மருந்துகளில் ஆக்குவதைவிடப் பிரிப்பதற்கே அதிகம் செலவாவதுண்டு.

இரண்டாம் வழி உயிரியற் பிரிவு. உணவு விஞ்ஞானம், உயிரித்தொழினுட்பம், நுண்ணுயிரியல் படித்துப் பின்னர் பட்டமேற்படிப்பில் செயன்முறைப் பக்கம் திரும்பலாம். கணிதத்தைக் கைவிடாதிருப்பதே இவ்வழியின் நிபந்தனை.

மூன்றாம் வழி 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவு. அதில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஒரு பாடம். அதிலிருந்து பல்கலைக்கழகங்களின் தொழினுட்பப் பட்டங்களுக்குப் போகலாம். நான்காவது, தேசிய தொழில்சார் தகைமை வழி. உயர்தரத்தில் எதிர்பார்த்த பெறுபேறு வராத பிள்ளையும் படிப்படியாக ஏறிப் பட்டம்வரை போகமுடியும். பதுளையில் உள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தையே பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கு 55 வீதம். கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம், அவற்றுள் நுவரெலியாவும் ஒன்று. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளையின் புலமைப்பரிசில் உண்டு. கதவு சிறிதாவது திறந்திருக்கிறது. தமிழ்மொழிமூலம் கணித, விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் தோட்டப்புறத்தில் மிகச் சில என்பதே பெருந்தடை. சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரத்தில், பக்கத்தில் கலைப்பிரிவு மட்டும் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் வாழ்க்கை தீர்மானமாகிவிடுகிறது. இதை மாற்றாமல் மேடையில் துறைகளைப் புகழ்வதால் பயன் சிறிது.

7. தொழில்கள்

நுவரெலியாவில் 1881 முதலே பியர் வடிசாலை இருந்தது. இந்த மாவட்டத்துக்கு நொதித்தல் தொழில் புதிதில்லை. அம்பேவெலயில் பாற்பண்ணையும் பால் ஆலையும் இயங்குகின்றன. யோகட் தொட்டியில் பால் 43 பாகை அளவில் நிற்க, இருவகைப் பற்றீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. சில பாகை பிசகினாலும் தரம் மாறுவதை அங்கே பார்க்கலாம். அக்கரப்பத்தனையில் உடனடித் தேயிலை ஆலை உண்டு. தேயிலைச் சாறு குளிர்ந்தால் கலங்கும். டனேசு என்ற நொதியத்தால் அதைத் தெளியவைக்கலாம். மாவட்டத்துக்கு வெளியே சீனி ஆலைகளோடு இணைந்த வடிசாலைகள், மருந்து ஆலைகள், நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் எனக் களங்கள் விரிகின்றன.

வேலை என்னவென்றும் சொல்லவேண்டும். உற்பத்திப் பொறியியலாளர் தொட்டியையும் குழாய்களையும் 121 பாகை நீராவியால் கிருமிநீக்கி, வளர்ச்சியைக் கண்காணித்து, இரவிலும் முறைமாறி நிற்பார். ஒரு வால்வில் தங்கிய அழுக்கு ஆயிரக்கணக்கான லீற்றரைப் பாழாக்கும். தர உறுதிப்பாட்டு அலுவலர் ஒவ்வொரு படிக்கும் பதிவு உண்டா என்று பார்ப்பார். மருந்துத் துறையில் எழுதப்படாதது செய்யப்படாததற்குச் சமம். செயன்முறை விருத்தியாளர் ஆய்வுகூடத்து ஒரு லீற்றரை ஆலையின் பத்தாயிரம் லீற்றராக்குவார். பொறுமை, ஒழுங்கு, பதிவுசெய்யும் பழக்கம் இவர்கள் எல்லோருக்கும் வேண்டும்.

உண்மையையும் மறைக்கக்கூடாது. உயிரியல் மருந்துகளை ஆக்கும் பேராலைகள் இலங்கையில் வளரவில்லை; நாம் மருந்தின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறோம். அந்த அனுபவத்துக்குச் சிங்கப்பூரின் துவாஸ், ஐதராபாத், பெங்களூர், அயர்லாந்து போன்ற இடங்களுக்குப் போகவேண்டியிருக்கும். போனவர்கள் திரும்பி வந்து தொடங்கவும் முடியும். இந்தியாவின் கிரண் மசும்தார் ஷா அவுஸ்திரேலியாவின் பல்லரட்டில் பியர் வடிக்கும் கலையைப் படித்துவிட்டு வந்தார். பெண் என்பதால் இந்திய வடிசாலைகள் அவருக்குத் தலைமைப் பொறுப்புக் கொடுக்க மறுத்தன. 1978இல் பெங்களூரில் பயோகொன் நிறுவனத்தைத் தொடங்கிப் பப்பாளியிலிருந்து நொதியம் எடுத்தார். 2004இல் அதே நிறுவனம் மீளிணைப்புத் தொழினுட்பத்தில் மனித இன்சுலினை ஆக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வடிசாலையில் கற்ற அறிவே இன்சுலின்வரை போயிற்று.

இன்னோர் ஊரையும் சொல்கிறேன். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் உறவுகளில் பலர் தமிழ்நாட்டின் நீலகிரியில் குடியேறித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து எடுத்தார்கள். அதே நீலகிரியின் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் தடுப்பூசிகளை ஆக்கி இந்தியா முழுதுக்கும் கொடுத்தது. தேயிலை மலையில் தடுப்பூசியும் ஆக்கமுடியும் என்பதற்கு அதுவே சான்று.

அவையோரே, முடிவாகச் சில வேண்டுகோள்கள்.

அதிபர்களே, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, பத்தாம் பதினோராம் ஆண்டு மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஸ்டோருக்குள் அழைத்துப்போங்கள். வெப்பமானியும் தராசும் கொடுத்து, சற்றுமுன் நாம் செய்த கணக்கை அவர்களே செய்யட்டும். தோட்டக் கம்பனிகளே, உங்கள் ஸ்டோர்களில் பயிற்சியிடங்களைத் தோட்டத்துப் பட்டதாரிகளுக்கு முதலில் கொடுங்கள். கல்வி அதிகாரிகளே, மஸ்கெலியாப் பகுதியில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு ஆசிரியரை நியமித்து, நிலைக்கவையுங்கள். அறக்கட்டளையினரே, அடுத்த ஆண்டு ஒரு சொற்பொழிவின் செலவில் ஒரு மாணவியின் உயர்தரக் கணித வகுப்புக்கு வழிசெய்யமுடியுமானால் அதையே செய்யுங்கள்; நான் மகிழ்வேன்.

பெற்றோரே, கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் எடுத்த இலையின் வேதியியலை அவர்களுடைய மகள்மார் படிக்கட்டும். விடுதியில் தங்கிப் படிக்கவேண்டி வந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

மாணவர்களே, சாதாரண தரப் பெறுபேறு கையில் வந்ததும் எந்தப் பிரிவு பக்கத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எந்தப் பிரிவு உங்களை எங்கே கொண்டுபோகும் என்று கேளுங்கள். கணிதத்தையும் இரசாயனத்தையும் கைவிடாதீர்கள். அவை இரண்டும் இருந்தால் இத்துறையின் வாசல் உங்களுக்குத் திறந்தே இருக்கும்.